தூண்டுபொருளும் வயதும்: பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் கேட்ட கேள்விகள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளி மண்டபங்களிலும் கோயில் வகுப்புகளிலும் பெற்றோரோடு பேசப் போவதுண்டு. எங்கே போனாலும் பேச்சு சுற்றிச் சுற்றி ஓரிடத்தில்தான் வந்து நிற்கிறது. ஒரே பொருள் பதினைந்து வயதுக்காரனிடம் ஒரு மாதிரியும் நாற்பது வயதுக்காரரிடம் வேறு மாதிரியும் வேலை செய்வது ஏன்? திரும்பத் திரும்ப எடுத்தால் அந்த வித்தியாசம் என்ன ஆகிறது? கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன்.

1. "தூண்டுபொருள்னா என்ன மிஸ்? ஷாபு மட்டும்தானா?"

இல்லை. மூளையையும் நரம்பையும் முடுக்கிவிட்டு, தூக்கத்தையும் பசியையும் தள்ளிப்போடும் எல்லாமே இந்தக் குடும்பம்தான். ஷாபு என்று நம் ஊரில் சொல்லும் மெத்தம்ஃபெட்டமின், அதையே காஃபீனோடு கலந்து மாத்திரையாக்கிய பில் குடா, கொக்கெய்ன், சிகரெட்டிலும் வேப் என்னும் மின்சிகரெட்டிலும் இருக்கும் நிக்கோட்டின், கோப்பியில் இருக்கும் காஃபீன், கவனக்குறைவு நோய்க்கு (ஏ.டி.எச்.டி.) மருத்துவர் எழுதித்தரும் மெத்தில்ஃபெனிடேட் எல்லாம் இதில் அடங்கும்.

ஒரே குடும்பம் என்பதால் எல்லாம் ஒரே அளவு ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுப் பூனையும் புலியும் ஒரே குடும்பம்தான். ஆனால் மூளைக்குள் இவை கைவைக்கும் இடத்தில் ஒற்றுமை உண்டு. டோப்பமின் என்ற வேதிப்பொருளின் ஓட்டத்தை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வழியில் மாற்றுகிறது.

2. "திரும்பத் திரும்ப எடுத்தா உடம்புக்குப் பழகிடும்தானே? அப்புறம் என்ன பயம்?"

பாதி சரி. திரும்ப எடுக்கும்போது உடலில் இரண்டு காரியங்கள் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. ஒன்று மரத்துப்போவது: முதல் நாள் கிடைத்த பரவசம் பத்தாம் நாள் கிடைப்பதில்லை, அதனால் அளவு கூடுகிறது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

மற்றது கூர்மையடைவது. எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இது தெரிகிறது, ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதே அளவு பொருளுக்கு மூளையின் சில பகுதிகள் முன்பைவிடப் பலமாகத் துள்ளுகின்றன. பொருளைத் தேடும் வேகம், அதை நினைவூட்டும் இடத்தையோ ஆளையோ பார்த்தவுடன் எழும் இழுப்பு, சந்தேகப் புத்தி ஆகியவை கூடிக்கொண்டே போகலாம். ராபின்சன், பெரிஜ் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-இல் இதை வைத்துத்தான் அடிமைத்தனத்துக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: விருப்பம் குறையும்போதே வேட்கை வளர்கிறது. "இப்பெல்லாம் அதுல சந்தோஷமே இல்லக்கா, ஆனா போகாம இருக்க முடியல" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னது இதுதான்.

3. "எலிக்குக் கூர்மையாச்சுன்னு எப்படித் தெரியும்? எலி வாயைத் திறந்து சொல்லுமா?"

நல்ல கேள்வி. எலியை ஒரு கூண்டில் விடுவார்கள். கூண்டின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் ஓடும். எலி நடக்கும்போது கதிர் அறுபடும். எத்தனை முறை அறுபட்டது என்று கருவி எண்ணும். ஒரு கூட்டத்துக்குத் தூண்டுபொருள், இன்னொரு கூட்டத்துக்கு வெறும் உப்புநீர். சில நாள் இப்படிக் கொடுத்துவிட்டு, இடைவெளி விட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சிறிய அளவு கொடுப்பார்கள். முன்பே பழகிய எலி புதிய எலியைவிட அதிகம் ஓடினால், அது கூர்மையடைந்திருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அளவு கூடும்போது எலி ஓடுவதை நிறுத்திவிட்டு, ஒரே இடத்தில் நின்று மோந்துகொண்டும் தலையை ஆட்டிக்கொண்டும் இருக்கும். கருவியை மட்டும் நம்பினால் எலி அமைதியாகிவிட்டது என்று தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவருக்குத்தான் உண்மை தெரியும்.

4. "சரி, சின்ன எலியும் பெரிய எலியும் எப்படி வேறுபடுது?"

எலிக்கு ஏறக்குறைய 28 முதல் 42 நாள் வரை வளரிளம் பருவம். அறுபது நாளைத் தாண்டினால் பெரியது. ஷாபுவுக்கு நெருங்கிய உறவான ஆம்ஃபெட்டமினை முதல் முறை கொடுக்கும்போது, பெரிய எலி ஓடும் அளவுக்கு வளரிளம் எலி ஓடுவதில்லை. பல ஆய்வகங்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

திரும்பத் திரும்பக் கொடுத்தால் என்ன ஆகிறது என்பதில்தான் முடிச்சு. சில ஆய்வுகளில் வளரிளம் எலி பெரியதைவிட அதிகம் கூர்மையடைகிறது. சிலவற்றில் சமம். சிலவற்றில் குறைவு. எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை நாள் இடைவெளி, பழகிய கூண்டா புதிய கூண்டா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. பால் மறக்காத குட்டிகளோ முற்றிலும் வேறு: கூர்மையடையும், ஆனால் பெரும்பாலும் நீடிக்காது. பிறந்து மூன்று வாரத்தை ஒட்டித்தான் அது நிலைத்து நிற்கத் தொடங்குகிறது.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. எலியின் வளரிளம் பருவமே இரண்டு வாரம்தான். ஒரு வாரம் மருந்து, ஒரு வாரம் ஓய்வு என்றால், கடைசிச் சோதனை வரும் நாளில் அந்த எலி பெரியதாகிவிட்டிருக்கும். அப்போது நாம் பார்ப்பது வளரிளம் எலியின் நடத்தையா, வளரிளம் வயதில் மருந்து பட்ட பெரிய எலியின் நடத்தையா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். பத்திரிகையில் ஒரு வரிச் செய்தியாக வரும்போது இது காணாமல் போய்விடுகிறது. "இளம் மூளை பத்து மடங்கு ஆபத்தில்" என்ற மாதிரித் தலைப்புகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மிகைப்படுத்திப் பயமுறுத்தினால் பிள்ளைகள் மிச்சத்தையும் நம்ப மாட்டார்கள்.

5. "என் மகன் ஒரு தடவை எடுத்தான், ஒண்ணுமே ஆகலைங்கிறான். அவன் உடம்பு தாங்குதுன்னுதானே அர்த்தம்?"

அம்மா, உங்கள் மகன் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 4-ஆம் பதிலில் சொன்ன எலியும் முதல் நாள் பெரிதாக எதையும் காட்டவில்லை. வெளியே தெரியும் ஆட்டம் குறைவு என்பதால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது. ஆம்ஃபெட்டமினை ஒரே ஒரு முறை கொடுத்து, வாரக்கணக்கில் கழித்துப் பார்த்தாலும் எலியிடம் கூர்மை தெரிந்த ஆய்வுகள் உண்டு.

நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். முதல் முறை தலை சுற்றி, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து பயந்து போகிறவனுக்கு அந்த அனுபவமே ஒரு வேலி. ஒன்றும் ஆகாதவனுக்கு அந்த வேலி இல்லை. இரண்டாம் முறைக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. "தாங்குகிறான்" என்ற சொல்லை வீட்டில் பெருமையாகச் சொல்லாதீர்கள்.

6. "அந்த வயசுல மூளையில அப்படி என்ன வேலை நடக்குது?"

வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆசையையும் பரிசையும் கையாளும் உள்பகுதிகள் சீக்கிரம் தயாராகிவிடுகின்றன. "பொறு, யோசி" என்று சொல்லும் நெற்றிப்பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆண் எலிகளில் உள்மூளையின் டோப்பமின் ஏற்பிகள் (டோப்பமினைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்) 40 நாள் வயது வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு கழிக்கப்பட்டுக் குறைகின்றன. மனிதரிடமும் பயன்படும் இணைப்புகள் வலுப்பட்டு, பயன்படாதவை கழியும் வயது அது.

அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து டோப்பமினை அள்ளிக் கொட்டினால், எது முக்கியம் என்று மூளை எழுதிக்கொள்ளும் கணக்கில் அதுவும் ஏறிவிடுகிறது. சிமெண்டு காயும் முன் வைத்த கால்தடம் மாதிரி.

7. "வேப்தானே அடிக்கிறான், ஷாபு இல்லையே?"

வயது வித்தியாசம் மிகத் தெளிவாகத் தெரியும் பொருள் நிக்கோட்டின்தான் என்பது என் கருத்து. வளரிளம் எலிகளுக்கு நிக்கோட்டினின் இனிப்புப் பக்கம் பெரிதாகவும், கசப்புப் பக்கம் சிறிதாகவும் படுகிறது. குறைந்த அளவிலேயே, நிக்கோட்டின் கிடைத்த அறையை அவை நாடிப் போகின்றன. குமட்டல் மாதிரியான தொல்லை பெரிய எலியைவிடக் குறைவு. நிறுத்தும்போது வரும் தவிப்பும் குறைவு.

அந்தக் கடைசி விஷயம்தான் ஏமாற்றுகிறது. "ரெண்டு நாள் அடிக்காம இருந்தேன், கை நடுங்கல, நான் அடிமை இல்லை" என்று படிவம் 3 பையன் சொல்வான். தவிப்பு குறைவாக இருப்பது அந்த வயதின் இயல்பாக இருக்கலாம். அதை விடுதலைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. சட்டமும் தெரிந்திருக்கட்டும்: 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு வேப் விற்பது குற்றம்.

8. "அக்கா, எஸ்.பி.எம். பரீட்சைக்கு ராத்திரி படிக்க எனர்ஜி டிரிங்க் குடிக்கிறேன். அதுவும் தப்பா?"

தப்பு, சரி என்று பேச வேண்டாம், கணக்குப் போடுவோம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன அளவு: பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை, பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். நீ 45 கிலோ என்றால் 135. பல பானங்களில் 250 மில்லி டின் ஒன்றுக்கு 80 மில்லிகிராம் வாக்கில் இருக்கும். இரண்டாவது டின்னில் எல்லை தாண்டிவிட்டது. அதோடு மாமாக் கடையில் ஒரு தே தாரிக் தேநீர் வேறு.

காஃபீன் ஷாபு ஆகிவிடாது. பெரும்பாலும் மரத்துப்போகும் பக்கம்தான் நடக்கிறது, அதனால்தான் மார்ச்சில் ஒரு டின் போதுமாக இருந்தது அக்டோபரில் மூன்று ஆகிறது. தூக்கம் கெட்டால் படித்தது மனதில் தங்காது. அந்த நட்டம் டின் விலையைவிடப் பெரிது.

9. "டாக்டர் என் பிள்ளைக்கு மெத்தில்ஃபெனிடேட் எழுதிட்டாரு. நீங்க சொல்றதைக் கேட்டா பயமா இருக்கு. நிறுத்திடவா?"

நிறுத்தாதீர்கள். இதைப் படிக்கும் யாரும் இந்தப் பக்கத்தை வைத்து மருந்தை நிறுத்த வேண்டாம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருள் மூளைக்குள் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது பெரிய விஷயம். புகைத்தோ ஊசியிலோ போவது நொடிகளில் ஏறுகிறது. வாய்வழி மாத்திரை மெதுவாக ஏறி, அளவாக நின்று, மெதுவாக இறங்குகிறது. அதுவும் கவனக்குறைவு உள்ள பிள்ளைக்கு, எடை பார்த்து, நெஞ்சுத் துடிப்பு பார்த்துக் கொடுப்பது. எலிகளில் முடிவுகள் இரு பக்கமும் போயிருக்கின்றன. 2001-இல் ஒரு குழு, வளரிளம் வயதில் மெத்தில்ஃபெனிடேட் பட்ட எலிகள் பிறகு கொக்கெய்னை அதிகம் நாடின என்றது. 2002-இல் இன்னொரு குழு, அதைவிட இளம் வயதில் கொடுத்தபோது கொக்கெய்ன் நாட்டம் குறைந்தது என்றது. சில நாள் வயது வித்தியாசத்தில் விடை தலைகீழாகலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

மனிதப் பிள்ளைகளிடம்? பல நீண்டகால ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2013-இல் பார்த்தபோது, சிறுவயதில் இந்த மருந்து எடுத்தது பிற்காலப் போதைப் பழக்கத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கவனக்குறைவைக் கவனிக்காமல் விடுவதில் வேறு ஆபத்துகள் இருக்கின்றன. ஒரே ஒரு கண்டிப்பு: மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், பிள்ளையின் பள்ளிப்பையில் வேண்டாம். நண்பனுக்கு "படிக்க உதவும்" என்று கொடுப்பது இங்கே நடக்கிறது.

10. "நான் சனிக்கிழமை மட்டும்தான் எடுக்கிறேன். தினமும் எடுக்கிறவன்தானே அடிமை ஆவான்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகம் மாறும். எலிக்குத் தோலுக்கடியில் ஒரு கருவி வைத்து இடைவிடாமல் மருந்து கொடுத்தால் அது பெரும்பாலும் மரத்துப்போகிறது. அதே மருந்தை விட்டு விட்டுக் கொடுத்தால்தான் கூர்மையடைகிறது. இடைவெளி விட்டு எடுப்பது, அதுவும் அதே இடத்தில், அதே கூட்டாளிகளோடு எடுப்பது, கூர்மையை வளர்ப்பதற்கு ஆய்வகங்களே தேர்ந்தெடுக்கும் முறை.

சனிக்கிழமை மட்டும் எடுப்பவர் தினமும் எடுப்பவரைவிடக் குறைந்த நஞ்சை உடலில் ஏற்றுகிறார், அது உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை அந்தத் தாமான் (குடியிருப்பு) வழியாக மோட்டார் சைக்கிளில் போகும்போது உள்ளே ஏதோ இழுக்கிறதா என்று அவரே கவனிக்கட்டும். இழுத்தால், 2-ஆம் பதிலில் சொன்னது தொடங்கிவிட்டது.

11. "தங்கச்சி, எனக்கு வயசு 52. லோரி ஓட்டுறேன். மூளை எப்பவோ முத்திடுச்சு. பில் குடா போட்டா எனக்கென்ன?"

அண்ணே, மூளை முற்றியதில் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். முதல் முறையே ஐம்பதில் தொடங்குபவர் அடிமையாகும் வாய்ப்பு பதினைந்தில் தொடங்குபவரைவிடக் குறைவு. ஆனால் கூர்மையடைவது பெரியவரிடமும் நடக்கும். பெரும்பாலான எலி ஆய்வுகளே பெரிய எலிகளில் செய்தவைதான்.

உங்கள் வயதில் என் கவலை நெஞ்சைப் பற்றியது. மெத்தம்ஃபெட்டமின் இரத்த அழுத்தத்தை ஏற்றும், துடிப்பைக் குலைக்கும், மாரடைப்பும் பக்கவாதமும் வர வழி செய்யும். இனிப்புநீர், அழுத்தம் ஏற்கெனவே இருந்தால் கேட்கவே வேண்டாம். பதினாறு வயதுக்காரன் மூளையில் வைக்கிறான் பந்தயம், நீங்கள் இதயத்தில் வைக்கிறீர்கள். மாத்திரையின் வேகம் இறங்கும்போது கண் சொருகும். அந்த நேரத்தில் நீங்கள் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இருப்பீர்கள்.

12. "பொம்பளைப் பிள்ளைக்கு வேற மாதிரியா?"

எலிகளில் ஆம். கொக்கெய்னுக்கும் ஆம்ஃபெட்டமினுக்கும் பெண் எலிகள் பொதுவாக அதிகம் கூர்மையடைகின்றன; ஈஸ்ட்ரோஜனுக்கு அதில் பங்கு உண்டு. நம் வீடுகளில் எடை குறைக்க என்று இணையத்தில் வாங்கும் மாத்திரைகளைப் பெண் பிள்ளைகள்தான் அதிகம் தேடுகிறார்கள். பசியடக்கும் மருந்துகளில் சில இந்தத் தூண்டுபொருள் குடும்பத்தைச் சேர்ந்தவை. பதிவு எண் இல்லாததை வாங்க விடாதீர்கள்.

13. "கெத்தும் தண்ணி இதுல சேருமா?"

கெத்தும் (கிராத்தோம்) இலையைக் காய்ச்சிய தண்ணீர் அது. சேரும், அரைகுறையாக. கொஞ்சமாகக் குடித்தால் சுறுசுறுப்பு, அதிகம் குடித்தால் அபின் வகையைப் போல மயக்கம். அதனால் மேலே சொன்னதை அப்படியே இதற்குப் பொருத்த முடியாது. அதிலுள்ள மித்ரஜைனின் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. நம் பினாங்கிலேயே குளுகோரில் இருக்கும் அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் இந்த இலையைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறது.

14. "எலி எலிதான். மனுசனுக்கு இதெல்லாம் பொருந்துமா?"

ஓரளவு. பிள்ளைகளுக்கு ஷாபு கொடுத்துப் பார்க்க எந்த நெறிமுறையும் இடம் தராது, தரவும் கூடாது. பெரியவர்களிடம் ஒரு முக்கியமான சோதனை நடந்தது. 2006-இல் வெளிவந்த மொன்றியல் ஆய்வில் பத்து ஆரோக்கியமான ஆண்களுக்கு, ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று முறை ஆம்ஃபெட்டமின் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்தும், ஒரு வருடம் கழித்தும் மூளைப் படம் எடுத்தபோது, அதே அளவு மருந்துக்கு டோப்பமின் முதல் முறையைவிட அதிகம் வெளிப்பட்டது. மூன்றே முறை, ஒரு வருடம்.

அவர்கள் பெரியவர்கள், பத்தே பேர், எல்லாரும் ஆண்கள். அதை வைத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இத்தனை மடங்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் எலியோடு நின்றுவிடும் விஷயம் இல்லை என்பதற்கு இது போதும்.

15. "தம்பி நாலு வருசம் விட்டிருந்தான். போன மாசம் ஒரே ஒரு தடவை எடுத்தான். மறுநாளே யாரோ பின்னாடி வர்றாங்கன்னு கத்துறான். ஒரு தடவைக்கா இப்படி?"

கேட்டவர் அவனுடைய அக்கா. அழுதுகொண்டே கேட்டார். ஆம், ஒரு தடவைக்கே இப்படி ஆகலாம். முன்பு ஷாபுவால் மனநோய் வந்து குணமானவர்களிடம், பல காலம் கழித்துச் சிறிய அளவிலேயே அது திரும்பி வருவதை ஜப்பானிய மருத்துவர்கள் 1980-களிலேயே எழுதியிருக்கிறார்கள். பொருளே எடுக்காமல், கடும் மன உளைச்சலில் திரும்பியவர்களும் உண்டு. கூர்மை உறங்கிக்கொண்டிருந்தது, செத்துப் போகவில்லை. அவன் நடிக்கிறான் என்றோ, ரகசியமாக நான்கு வருடமும் எடுத்தான் என்றோ முடிவு கட்டாதீர்கள். அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

16. "அப்போ மூளை திரும்பச் சரியாகவே ஆகாதா?"

ஆகும், மெதுவாக, எல்லாம் ஆகாது. மெத்தம்ஃபெட்டமினை விட்டு 12 முதல் 17 மாதம் விலகியிருந்தவர்களின் மூளையில், ஷாபுவால் குறைந்திருந்த, டோப்பமினைத் திரும்ப உறிஞ்சும் புரதம் நன்றாகவே கூடியிருந்ததை 2001-இல் வெளிவந்த ஒரு ஆய்வு காட்டியது. நினைவாற்றலும் கைவேகமும் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. முதல் மூன்று மாதத்தில் "விட்டும் ஒண்ணும் மாறலையே" என்று சோர்ந்து போகிறவர்களுக்கு இந்த மாதக்கணக்கைச் சொல்லுங்கள். அவர்கள் பாதி வழிகூட வரவில்லை.

17. "மகன் பையில கண்டுபிடிச்சேன். போலீசா, ஆஸ்பத்திரியா, அடிக்கவா?"

உடம்பு கொதிக்கிறது, நெஞ்சு வலிக்கிறது, வலிப்பு வருகிறது, ஆளே தெரியாமல் ஆடுகிறான் என்றால் யோசிக்காமல் 999. என்ன எடுத்தான் என்று மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

அப்படி இல்லையென்றால் அன்றிரவு அடிக்காதீர்கள். போதை இறங்கித் தூங்கி எழட்டும். பேச்சை "எத்தனை தடவை, யாரோடு, எங்கே" என்று தொடங்குங்கள். 10-ஆம் பதிலைப் படித்தவருக்கு இந்த மூன்றும் ஏன் முக்கியம் என்று புரியும். இடத்தையும் கூட்டத்தையும் மாற்றுவது சிகிச்சையின் பாதி. தானாக முன்வந்து சிகிச்சை கேட்பதற்கு போதைப்பொருளைச் சார்ந்திருப்போரின் சிகிச்சை, மறுவாழ்வு பற்றிய 1983-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் அலுவலகத்தில் விசாரிக்கலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவும் உண்டு. மெத்தடோன் கேட்காதீர்கள், அது ஹெராயின் வகைக்கு. ஷாபுவுக்கு அப்படி மாற்று மருந்து இல்லை, பேச்சுவழிச் சிகிச்சையும் குடும்பத்தின் பொறுமையும்தான்.

யாரிடமாவது முதலில் பேச வேண்டும் என்றால் 15999 தாலியான் காசே உதவி எண், மனப்பாரத்துக்கு 15555. என்ன கேட்பது என்று தெரியாமல் போனை வைத்துவிடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். "என் மகனுக்கு இத்தனை வயது, இதைக் கண்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள்.